"மருந்து குடிச்சுட்டான்": ஒரே சொல், நாலு மொழி, ஒரு கேஷுவாலிட்டி

1/
"மருந்து குடிச்சுட்டான்."

தமிழ்நாட்டுல யார்கிட்ட இதைச் சொன்னாலும் வயிறு கலங்கிடும். இருமல் டானிக் குடிச்சான்னு யாரும் நினைக்க மாட்டாங்க. ஆனா இதையே வார்த்தைக்கு வார்த்தை தெலுங்குல சொல்லிப் பாருங்க: "மந்து தாகினாடு." கேக்கறவங்க தலையில அடிச்சுக்குவாங்க, அவ்வளவுதான். அங்க அதுக்கு முதல் அர்த்தம், "தண்ணி போட்டிருக்கான்."

2/
நான் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்க்கற அரசு மருத்துவர். இந்த இழை முழுக்க 'மருந்து'ங்கற ஒரு சொல்லைப் பத்தி. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. மொழி ஆராய்ச்சி மாதிரி ஆரம்பிக்கும். ஆனா முடியறது கேஷுவாலிட்டி வாசல்ல, ஒரு உயிர் போற வர்ற இடத்துல.

3/
முதல்ல எங்க ஊரைப் பத்தி. 'ஓசூர்'ங்கற பேரே கன்னடம். ஹொஸ ஊரு, அதாவது புது ஊர். பாகலூர், பேரிகை பக்கம் போனா தெலுங்கு. தளி, அஞ்செட்டி பக்கம் கன்னடம். கிருஷ்ணகிரி டவுன்ல உருது பேசற குடும்பங்கள் நிறைய. வேப்பனப்பள்ளி தாண்டினா ஆந்திரா. ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. இது போக சிப்காட் கம்பெனிகளுக்காக ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம்னு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கற பசங்க. ஒரே நைட் டூட்டியில அஞ்சு, ஆறு மொழி காதுல விழறது இங்க சாதாரணம்.

4/
இதுல எது கஷ்டம்னு கேட்டா எல்லாரும் "ஒடியா, அசாமி"ம்பாங்க. எனக்கு அப்படித் தோணலை. ஒடியா பேசற பையன் வந்தா எனக்குப் புரியலைனு எனக்கே தெரியும். உடனே கூட வந்த சூப்பர்வைசரையோ நண்பரையோ கூப்பிட்டு, "என்னப்பா சொல்றான்?"னு கேப்பேன்.

தெரியாத சொல் பெரிய ஆபத்தில்லை. அது நம்மள கேக்க வைக்கும். தெரிஞ்ச மாதிரியே இருக்கற சொல்தான் ஆபத்து. அங்க கேக்கணும்னே யாருக்கும் தோணாது.

5/
மருந்து அப்படிப்பட்ட சொல். திராவிட மொழிகள்ல பழைய, பொதுவான சொற்கள்ல ஒண்ணு. பர்ரோவும் எமனோவும் 1961-ல வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில இந்தக் குடும்பத்தையே வரிசையா பார்க்கலாம். தமிழ்ல மருந்து. மலையாளத்துல மருந்நு. பழைய கன்னடத்துலயும் துளுவுலயும் மர்து. இன்னைக்குக் கன்னடத்துல மத்து (தயிர் கடையற மத்து இல்லீங்க, 'சித்தார்த்'னு சொல்றப்ப வர்ற 'த்த' மாதிரி சொல்லணும்). தெலுங்குல மந்து.

எல்லாம் ஒரே தாய் பிள்ளைங்க. ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற வீட்டுல வளர்ந்ததுங்க.

6/
தமிழ்லயே எத்தனை அர்த்தம்னு எண்ணிப் பாருங்க.

ஆஸ்பத்திரியில தர்றது மருந்து.
வயல்ல அடிக்கிறது மருந்து.
எலிக்கு வைக்கிறது மருந்து.
பட்டாசுக்குள்ள இருக்கறது மருந்து.
"மாமியார் வீட்டுல அவனுக்கு மருந்து வச்சுட்டாங்க"ன்னா, அது வசியம்.
பழந்தமிழ்ல அமிழ்தத்துக்குக்கூட 'சாவா மருந்து'னு பேர்.

சாகாம இருக்க ஒண்ணு, சாகறதுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே சொல்.

7/
இன்னொரு அர்த்தம் இருக்கு, அது ஓ.பி.யில தினமும் வரும். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?"னு கேட்டா, "இல்லீங்க சார்"ம்பாங்க. பையைத் திறந்தா பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, தைராய்டு மாத்திரை. பொய் சொல்லலை. அவங்களுக்கு மருந்துன்னா பாட்டில்ல வர்ற தண்ணி மருந்து. மாத்திரை வேற. மருந்துக் கடையிலயே "மருந்தா, மாத்திரையா?"னுதானே கேக்கறோம்?

அதனால "மருந்து, மாத்திரை, ஊசி, நாட்டு மருந்து, லேகியம்"னு ஒண்ணொண்ணா கேக்கணும். மொத்தமா கேட்டா மொத்தமா "இல்ல"தான் வரும்.

8/
இப்ப தெலுங்கு. அங்கயும் மந்துன்னா ஆஸ்பத்திரி மருந்துதான். வெடிமருந்தும் மந்துதான். வசியம் வைக்கிறதும் "மந்து பெட்டடம்"தான். பூச்சிமருந்து 'புருகுல மந்து', அதாவது புழுக்களோட மருந்து.

ஆனா பேச்சுவழக்குல வெறும் 'மந்து'ன்னா, முக்கியமா ஆம்பளைங்க வாயில, சாராயம், பிராந்தி. குடிகாரருக்குப் பேரு 'மந்து பாபு'. "மந்து கொட்டாடு"ன்னா குடிச்சான்னும் எடுத்துக்கலாம், வயலுக்கு மருந்து அடிச்சான்னும் எடுத்துக்கலாம். எந்த மாலைங்கறதைப் பொறுத்தது.

9/
கன்னடத்துல 'மனெ மத்து'ன்னா வீட்டு வைத்தியம். 'மத்துகுண்டு'ன்னா வெடிமருந்தும் குண்டும். 'கைமத்து'ன்னா சாப்பாட்டுல கலந்து வச்சது. ஆஸ்பத்திரி மருந்துக்கு இப்ப 'ஔஷதி'னு சொல்றதுதான் அதிகம், வயலுக்கு அடிக்கறதுக்கும் அதே ஔஷதிதான்.

சரி, சாராயத்துக்கு? அங்கதான் வேடிக்கை. பேச்சுக் கன்னடத்துல சரக்குக்கு 'எண்ணெ'ம்பாங்க. நம்ம எண்ணெயேதான். "எண்ணெ ஹொடெதித்தானெ"ன்னா தண்ணி அடிச்சிருக்கான். தமிழ் காது அதை மண்ணெண்ணெய்னு எடுத்துக்கிட்டா அவனுக்கு வேற வைத்தியம் ஆரம்பிச்சிடும்.

10/
உருது, இந்தி பக்கம் வாங்க. மருந்துக்கு 'தவா', 'தவாயி'. சாராயத்துக்கு 'தாரு'. ரெண்டும் தெளிவா பிரிஞ்சிருக்குனு தோணும். ஆனா 'தாரு'ங்கறது பாரசீகச் சொல். அங்க அதுக்கு மருந்துனு அர்த்தம். இன்னைக்கும் ஈரான்ல மெடிக்கல் ஷாப்போட பேரு 'தாரூகானே'. நம்ம நாட்டுல அதே பேர்ல போர்டு வச்சா கூட்டம் வேற காரணத்துக்கு வரும். 'தவா-தாரு'னு ஜோடியா சொல்றப்ப மட்டும் இந்தியில இன்னும் பழைய அர்த்தம் ஒட்டிக்கிட்டு இருக்கு. மராத்தியில தாருன்னா சாராயம், 'தாருகோளா'ன்னா வெடிமருந்தும் குண்டும்.

ஆக பாரசீகத்துல இருந்து வந்த சொல்லும், நம்ம திராவிடச் சொல்லும், ஒண்ணுக்கொண்ணு உறவே இல்லாம, மருந்து, சாராயம், வெடின்னு அதே மூணு வீட்டுக்கும் போய் வந்திருக்கு.

11/
"நம்ம தமிழ்ல அப்படி இல்லையே, சாராயத்தை மருந்துனு சொல்ல மாட்டோமே"னு நினைக்கறீங்களா? 'சரக்கு'ங்கற சொல்லை யோசிங்க. சித்த மருத்துவத்துல மருந்து செய்யற மூலப்பொருளுக்குச் சரக்குனு பேர். 'சரக்கு சுத்தி'னு ஒரு பாடமே உண்டு. அதே சரக்கு இன்னைக்கு டாஸ்மாக் வாசல்ல என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

12/
வெடிக்கு ஏன் மருந்துனு பேர் வந்தது? சீனாவுல கி.பி. 9-ம் நூற்றாண்டு வாக்குல வெடியுப்பு, கந்தகம், கரியைக் கலந்து பார்த்தவங்க பட்டாளத்துக்காரங்க இல்ல. சாகாம இருக்க மருந்து தேடின ரசவாதிகள். அந்தக் கலவைக்குச் சீன மொழியில 'ஹுவோ யாவ்'னு பேர், அதாவது நெருப்பு மருந்து. சிங்களத்துலயும் 'வெடி பெஹெத்', பெஹெத்ன்னா மருந்து. சாவா மருந்து தேடிப் போய் சாகடிக்கற மருந்து கிடைச்ச கதை இது.

13/
இது பழங்கதை இல்ல. 2023 அக்டோபர் 7-ம் தேதி எங்க எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில பட்டாசுக் கடை தீப்பிடிச்சு 14 பேருக்கு மேல இறந்தாங்க. பலர் தீபாவளி சீசன் வேலைக்குத் தமிழ்நாட்டுல இருந்து போன சின்னப் பசங்க. "கண்ணுல மருந்து பட்டுடுச்சு சார்"னு இந்த ஏரியாவுல ஒருத்தர் வந்தா அது பட்டாசு மருந்தா, ரோஜாத் தோட்டத்துல அடிச்ச மருந்தா, தப்பா ஊத்தின சொட்டு மருந்தானு கேட்டே ஆகணும். எதுவா இருந்தாலும் முதல்ல நல்ல தண்ணியில நிறைய கழுவறது பொது. அதுக்கப்புறம் செய்யறது எல்லாம் வேற வேற.

14/
இந்தக் குழப்பம் நமக்கு மட்டும்தானா? ஐரோப்பாவுலயும் இருக்கு. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச 'கிஃப்ட்'. ஆங்கிலத்துல பரிசு. அதே எழுத்துல ஜெர்மனில ஒரு பாட்டில் மேல எழுதியிருந்தா, விஷம்னு அர்த்தம். ஸ்வீடன், நார்வே, டென்மார்க்ல அதே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம்: ஒண்ணு விஷம், இன்னொண்ணு 'கல்யாணம் ஆனவர்'. (சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம்.)

எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான்: 'கொடு'. கொடுத்தது பரிசு. பெண்ணைக் கொடுத்தா கல்யாணம். டம்ளர்ல ஊத்திக் கொடுத்தது விஷம். நாங்க தினமும் சொல்ற 'டோஸ்' கூட கிரேக்கத்துல 'கொடுத்தல்'ங்கற சொல்லுல இருந்து வந்ததுதான்.

15/
'ஃபார்மஸி'க்கு மூலமான கிரேக்கச் சொல் 'ஃபார்மகான்'. அதுக்கு மருந்து, விஷம், வசியம்னு மூணு அர்த்தமும் உண்டு. லத்தீன்ல குடிக்கிறதுக்கு 'போஷியோ'. அதுல இருந்துதான் ஆங்கிலத்துல 'போஷன்', அதாவது குடிக்கற மருந்து. அதே வேர்ல இருந்துதான் 'பாய்சன்', விஷமும் வந்தது. அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டு சொல், ஒண்ணு ஃபார்மஸியில, ஒண்ணு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல.

16/
இத்தனை மொழிக்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காதவங்ககூட, ஏன் ஒரே மாதிரி நினைச்சாங்க? என் அபிப்பிராயம் இது: மக்களுக்கு மருந்துன்னா 'நல்லது'னு அர்த்தமே இல்ல. 'கொஞ்சூண்டு போட்டா பெரிய மாற்றம் பண்ற பொருள்'னுதான் அர்த்தம். உடம்புல போட்டா காய்ச்சல் இறங்கும், செடியில போட்டா புழு சாகும், குழாயில போட்டா வெடிக்கும், வயித்துல போட்டா போதை ஏறும்.

"அளவுதான் விஷத்தைத் தீர்மானிக்குது"ங்கற கருத்தை 1538-ல எழுதினவர் பாராசெல்சஸ்ங்கற ஸ்விட்சர்லாந்து மருத்துவர். நம்ம ஊர்ப் பாட்டிங்க அதை அகராதியிலயே வச்சிருந்தாங்க.

17/
ஒரு உதாரணம் சொல்றேன். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில விஷச் சாராயம் 60 பேருக்கு மேல கொன்னது. காரணம் மெத்தனால். அந்த மெத்தனால் விஷத்துக்கு மருத்துவமனையில தர்ற மாற்று மருந்துகள்ல ஒண்ணு என்ன தெரியுமா? எத்தனால். குடிக்கற சாராயத்துல இருக்கற அதே பொருள். சாராயம், விஷம், மருந்து மூணும் ஒரே வார்டுல. (இதை வீட்டுல யாரும் செஞ்சு பார்க்காதீங்க. அளவு, ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ்னு எல்லாம் சேர்ந்தாத்தான் அது வைத்தியம்.)

18/
சரி, கேஷுவாலிட்டிக்கு வருவோம். ஒரு ராத்திரி. பேரிகை பக்கத்து கிராமம் ஒண்ணுல இருந்து நாப்பது வயசு ஆளைத் தூக்கிட்டு வந்தாங்க. வாந்தி, உளறல், நிக்க முடியலை. வாயில சாராய வாடை. கூட வந்த பெரியவர் சொன்னது ரெண்டே வார்த்தை: "மந்து தாகினாடு."

நான் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கறதுக்குள்ள எங்க ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர், அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க, பெரியவரைப் பார்த்துக் கேட்டாங்க: "ஏ மந்து, தாதா? தாகே மந்தா, புருகுல மந்தா?" (எந்த மருந்து தாத்தா? குடிக்கற மருந்தா, பூச்சிமருந்தா?)

பெரியவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ரெண்டூ, அம்மா"ன்னார். ரெண்டும்.

19/
அந்த "ரெண்டூ"தான் அந்த ராத்திரியையே மாத்துச்சு. குடிச்சிட்டுப் பூச்சிமருந்தையும் குடிக்கறது இங்க அபூர்வம் இல்ல. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்: வாந்தி, தள்ளாட்டம், மயக்கம், உளறல். வாடை வேற சாராய வாடை. "போதை இறங்கினதும் சரியாயிடும்"னு ஓரமா படுக்க வைக்கத் தோணற கேஸ் இதுதான்.

ஆனா பல பூச்சிமருந்துகள்ல கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், வாயில எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சுல சளி நிறையும். நேரத்துக்கு அட்ரோபின் போட்டா பிழைக்க வைக்கலாம். ஓரமா படுக்க வச்சா மூச்சு நின்னுடும். அந்த ஆளுக்கு நேரத்துக்குப் போட்டோம். பிழைச்சு வீட்டுக்குப் போனார்.

20/
அந்த சிஸ்டர் கேட்ட கேள்வியைக் கவனிங்க. அவங்க மொழிபெயர்க்கலை. மந்துன்னா மருந்துனு மொழிபெயர்த்திருந்தா அதுவும் சரியான மொழிபெயர்ப்புதான், ஆனா உதவியே இல்ல. அவங்க கேட்டது 'எந்த' மந்து. சொல்லைத் தாண்டி பொருளைக் கேட்டாங்க. எந்த மெடிக்கல் காலேஜ் பாடப் புத்தகத்துலயும் இந்தக் கேள்வி இல்ல.

21/
இந்த மாதிரி 'தெரிஞ்ச முகம்' சொற்கள் இன்னும் இருக்கு. ரெண்டு மட்டும் சொல்றேன்.

'கடுப்பு': நமக்கு அது நீர்க்கடுப்பு, வயித்துக்கடுப்பு, இல்லன்னா எரிச்சல். தெலுங்குல 'கடுப்பு'ன்னு நம்ம காதுல விழறது வயிறு. "கடுப்பு நொப்பி"ன்னா வெறும் வயித்து வலி. கர்ப்பத்துக்கும் அந்தச் சொல் உண்டு.

'கள்ளு': "கள்ளு திருகுதுன்னாயி"ன்னு ஒரு தெலுங்கு அம்மா சொன்னா அவங்க கள்ளு குடிக்கலை. அங்க அதுக்குக் கண்கள்னு அர்த்தம். "கண்ணு சுத்துது", அதாவது தலை சுத்தல். பிரஷர் பாருங்க, சுகர் பாருங்க. சிரிக்காதீங்க.

22/
இதை எழுதினா உடனே ஒரு கமெண்ட் வரும்னு தெரியும்: "தமிழ்நாட்டுல இருக்காங்கல்ல, தமிழ் பேசட்டும்." எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கமெண்ட் கன்னடத்துல வரும். அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பேரிகை, பாகலூர் மக்கள் எங்கயும் குடிவந்தவங்க இல்ல. மாநிலம் பிரிச்சப்ப கோடுதான் அவங்களைத் தாண்டிப் போச்சு. பெரும்பாலானவங்க நல்லாவே தமிழும் பேசுவாங்க.

ஆனா மகன் மூச்சுத் திணறிக் கிடக்கறப்ப அப்பன் வாயில வர்றது தாய்மொழிதான். உங்களுக்கு பெங்களூரு ஆஸ்பத்திரியில நடந்தா நீங்களும் "ஐயோ, அம்மா"ன்னுதான் கத்துவீங்க. இலக்கணம் பார்த்துக் கன்னடம் பேச மாட்டீங்க.

23/
இன்னைக்கு இந்தப் பகுதி ஆஸ்பத்திரிகள்ல மொழிபெயர்ப்பு வேலையை யார் பார்க்கறாங்க? உள்ளூர் நர்ஸ், வார்டு ஆயா, செக்யூரிட்டி அண்ணன், துப்புரவுப் பணியாளர் அக்கா. இது அவங்க வேலைன்னு எந்த ஆர்டர்லயும் இல்ல. அதுக்குத் தனியா ஒரு ரூபாய் கிடையாது. கேஸ் ஷீட்லயும் அவங்க பேர் வராது. திருநெல்வேலியில இருந்தோ நாகப்பட்டினத்துல இருந்தோ போஸ்டிங் வாங்கி வர்ற ஒரு இளம் டாக்டர் முதல் வாரத்தைத் தாண்டறதே இவங்க புண்ணியத்துலதான்.

24/
அதனால நான் கேக்கறது பெரிய திட்டம் இல்ல. ஒரே ஒரு தாள். எல்லை மாவட்டங்கள்ல இருக்கற ஒவ்வொரு கேஷுவாலிட்டியிலயும், ஆரம்ப சுகாதார நிலையத்துலயும், 108 வண்டியிலயும் ஒட்டற மாதிரி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி. எல்லாமே தமிழ் எழுத்துல, பக்கத்துல அர்த்தத்தோட. முப்பது சொல் போதும். வலி, வயிறு, மூச்சு, தலை சுத்தல், மருந்து, விஷம், எப்ப, எவ்வளவு. அதுல 'பேர் ஒண்ணு, பொருள் வேற'னு ஒரு தனிக் கட்டம். மந்து, எண்ணெ, கடுப்பு, கள்ளு எல்லாம் அதுக்குள்ள வரணும்.

தயாரிக்க நிபுணர் குழு வேண்டாம். நான் சொன்ன நர்ஸையும் செக்யூரிட்டி அண்ணனையும் ஒரு மதியம் உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தா எழுதித் தந்துடுவாங்க. தாள்ல அவங்க பேரையும் போடணும்.

25/
இன்னொண்ணு, சொல்லை மாத்தறது பத்தி. இயற்கை விவசாயம் பேசறவங்க ரொம்ப நாளா சொல்றது: "அதை மருந்துனு சொல்லாதீங்க, பூச்சிக்கொல்லின்னு சொல்லுங்க." கடை போர்டுலயும், பில்லுலயும், அரசு அறிவிப்புலயும் அப்படி எழுதணும்னு நானும் சொல்றேன். ஏன்னா மருந்துனு பேர் வச்சதால ஒரு பயமே இல்லாம போச்சு. வெறும் கையில கலக்கறாங்க, குச்சிக்குப் பதிலா விரலை விடறாங்க. மூடின பாலிஹவுஸ் ரோஜாக் கூடாரத்துல அடிச்ச கொஞ்ச நேரத்துலயே பூ பறிக்கப் பொம்பளைங்களை உள்ள அனுப்பறாங்க. "தலைவலி, வாந்தி"னு சாயங்காலம் ஓ.பி.க்கு வர்றாங்க. கேட்டா, "மருந்துதான சார் அடிச்சாங்க"ம்பாங்க.

ஆனா கேஷுவாலிட்டிக்கு வந்த தாத்தாகிட்ட போய் "அது மருந்து இல்ல, கொல்லி"ன்னு பாடம் எடுக்க முடியாது. அங்க அவர் சொல்ற சொல்லை நாமதான் கத்துக்கணும்.

26/
எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியற ஒரு மொழி ஏற்கனவே டப்பா மேல இருக்கு. பூச்சிக்கொல்லி டப்பாவுல டைமண்ட் வடிவக் கட்டம் ஒண்ணு இருக்கும். அதோட கீழ்ப் பாதி நிறத்தைப் பாருங்க:

சிவப்பு: அதிகபட்ச விஷம்
மஞ்சள்: கடுமையான விஷம்
நீலம்: நடுத்தர விஷம்
பச்சை: அதைவிடக் குறைவு

பச்சைன்னா பாதுகாப்புனு அர்த்தம் இல்ல. 'குறைவான விஷம்'னுதான் அர்த்தம். இதை வீட்டுல எல்லாருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுங்க.

27/
இப்ப நீங்க செய்ய வேண்டியது. யாராவது விஷம் எதையாவது குடிச்சிருந்தா, இல்ல சந்தேகம் இருந்தாலும்:

உடனே 108. காத்திருக்காதீங்க.
உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, சாணித் தண்ணி எதுவும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. அது நுரையீரலுக்குள்ள போனா நிலைமை இன்னும் மோசமாகும்.
மயக்கமா இருந்தா ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க.
உடம்புல, துணியில பட்டிருந்தா துணியைக் கழட்டிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்க. நீங்க கையுறையோ பாலிதீன் பையோ போட்டுக்கோங்க.
டப்பா, கவர், பாட்டில் எது கிடைச்சாலும் எடுத்துட்டு வாங்க. முடியலன்னா போட்டோ.

28/
டாக்டர்கிட்ட 'மருந்து'னு மட்டும் சொல்லாதீங்க. எதுக்குப் பயன்படற மருந்துனு சொல்லுங்க. செடிக்கா, எலிக்கா, உடம்புக்கா, போதைக்கா. எப்ப, எவ்வளவு. கூடக் குடிச்சிருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க. நாங்க திட்டறதுக்காகக் கேக்கலை.

எலி பேஸ்ட் மாதிரி சிலதுல முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஆள் நல்லா இருக்கற மாதிரியே தெரியும். கல்லீரல் பாதிப்பு அப்புறம்தான் வெளிய வரும். "நல்லாத்தான இருக்கான்"னு வீட்டுலயே வச்சுக்காதீங்க.

தண்ணி பாட்டில்ல, ஜூஸ் பாட்டில்ல பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ ஊத்தி வைக்காதீங்க. லேபிள் போன பாட்டில் எந்த மொழியும் பேசாது.

29/
கூட இருக்கற டாக்டர் நண்பர்களுக்கு: வாடையை வச்சு கேஸை மூடாதீங்க. குடிச்சிருக்கார்னு யாராவது சொன்னா அது பாதி பதில்தான். கண்மணியைப் பாருங்க, எச்சிலைப் பாருங்க, வேர்வையைப் பாருங்க. அப்புறம் "எந்த மருந்து?"னு கேளுங்க. அவங்க மொழியில கேட்டா இன்னும் நல்லது. "ஏ மந்து?" ரெண்டே சொல், மனப்பாடம் ஆயிடும்.

30/
இதைப் படிக்கறவங்கள்ல யாராவது வாழ்க்கை வெறுத்துப் போற மனநிலையில இருந்தா, யார்கிட்டயாவது பேசுங்க. தமிழ்நாடு அரசோட 104, இல்லன்னா டெலி மானஸ் 14416. கட்டணம் இல்ல, எந்நேரமும் எடுப்பாங்க. நாங்க காப்பாத்தி அனுப்பின நிறைய பேர் வார்டுலயே எங்ககிட்ட சொன்னது, "ஒரு நிமிஷக் கோவம் சார்". அந்த ஒரு நிமிஷத்தைத் தாண்ட இன்னொருத்தர் குரல் போதும்.

31/
கடைசியா உங்ககிட்ட ஒரு வேலை. உங்க ஊர்ல, உங்க வீட்டு மொழியில, மருந்துன்னா வேற என்ன அர்த்தம்? சௌராஷ்டிரம், படுகு, இருளர் பேச்சு, இலங்கைத் தமிழ் எதுவா இருந்தாலும் கீழ எழுதுங்க. வலி, மூச்சு, வயிறு பத்தி வெளியூர்க்காரருக்குத் தப்பாப் புரியற சொல் எதுவும் இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க. வர்றதையெல்லாம் தொகுத்து எங்க வார்டு சுவத்துல ஒட்டற அந்தத் தாளை நானே ஆரம்பிக்கறேன். ஆர்டர் வர்றப்ப வரட்டும்.